காக்காவுக்கு, பெட்டி வந்து சேரும் முன்

அன்புள்ள காக்காவுக்கு,

வாப்பா மௌத்தாகி இன்றோடு 9 ஆண்டுகள் நிறைகின்றன. உங்கள் சிடிக்களை இனி நான் வைத்துப் பாதுகாப்பதில்லை என்ற முடிவுக்கு ஒருவழியாக வந்துவிட்டேன். குடும்ப சிடிக்கள் 43-ஐயும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்தாயிற்று. ஒரு ஹார்டு டிஸ்க் லாத்தா (அக்கா) வீட்டில் இருக்கும். மற்றதும் அசல் சிடிக்களும் அடுத்த மாதம் ஊரிலிருந்து புறப்படுகிறவர் கையில் உங்களிடம் வந்து சேரும். சினிமாப் படங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அவற்றை எடுத்துத் துடைத்து அடுக்க மட்டும் நான் இருக்கமாட்டேன்.

கீழக்கரைக் காற்றில் பீரோவின் கீலே ஆண்டுக்கு ஒரு முறை துருவேறி இறுகிவிடும்போது, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளிப் பூச்சு மட்டும் எப்படித் தாங்கும் என்பதை நீங்கள் போன பிறகுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தவற்றைக் கெட்டியான பெட்டிகளில் போட்டுப் புத்தகம்போல் நிமிர்த்தி வைத்தேன். ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கி எறிந்தேன். செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி அலமாரி மூலைகளில் போட்டேன் (பக்கத்து வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது உண்மை). வாப்பாவின் பழைய கைலித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில்தான் துடைப்பேன். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், பதிவு ஓடும் தடத்தின் போக்கிலேயே நீண்டு படத்தைத் தின்றுவிடும். குறுக்கே விழும் கீறலை இயந்திரம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இவை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்.

லாத்தா கல்யாணத்தின் மூன்றாவது சிடியைத்தான் சொல்கிறேன். அதன்மேல் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கர் ஈரத்தில் ஓரம் சுருண்டு, ஓடும்போது சிடி அதிர்ந்து தடதடவென்று சத்தம் போட்டது. ஸ்டிக்கரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, அஸர் தொழுது வந்த ஒரு பிற்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நகத்தால் விளிம்பை நெம்பி மெல்ல உரித்தேன். ஸ்டிக்கர் தனியாக வரவில்லை, காக்கா. அதன் பசைப்பக்கம் பளபளத்தது. சிடியைத் தூக்கிப் பார்த்தால், வெளிவிளிம்பில் பிறைபோல ஓர் இடம் வெறும் கண்ணாடியாகி, அதன் வழியாக எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய முழுவதும் வெறும் பிளாஸ்டிக். பதிவும் வெள்ளியும் மேற்புறத்தில், ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கின்றன. டிவிடி என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பதிவு இருப்பதால் இவ்வளவு எளிதில் போயிருக்காது. அடியில் கீறல் விழாமல் அத்தனை நாள் காத்தவன், ஆபத்து முதுகுப்பக்கம் இருப்பதை அறியாமல் இருந்தேன்.

சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவது. ஆகவே முதல் 51 நிமிடங்கள் தப்பின. போனது கடைசிப் பகுதி. அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். ஆனால் எல்லாவற்றிலும் எண் போட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னவர் நீங்கள். அந்தத் தாளை அங்கிருந்து அனுப்பியவரும் நீங்கள்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் குற்றமாகவும்தான் சொல்கிறேன். அன்றே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் கெஞ்சியபோது, “நீதான் பார்த்துக்கொள்கிறாயே” என்றீர்கள். வீடியோக்காரரிடமும் போய்க் கேட்டேன்; மூல டேப்பில் அவர் வேறொரு கல்யாணத்தைப் பதிவு செய்து பல வருடங்கள் ஆகிவிட்டனவாம்.

வாப்பாவை அடக்கம் செய்த மறுநாள் நீங்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்ட மூன்றாவது கேள்வி, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. முதல் இரண்டு கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள். நீங்கள் ஏன் வர முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதை யாரும் என்னிடம் விளக்க வேண்டாம். ஆனால் உம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி ஒரு முறையும், சிடிக்களுக்குப் பூஞ்சை பிடித்ததா என்று நான்கு முறையும் நீங்கள் கேட்ட அந்த வருடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பிரதி எடுக்கும்போது, நம் பழைய கம்ப்யூட்டர் படிக்க மறுத்த இரண்டாவது சிடியை இன்னொரு டிரைவில் போட்டேன், படித்துவிட்டது. பந்தியில் நீங்கள் சஹன் தட்டை ஏந்திக்கொண்டு ஓடுகிறீர்கள், வாப்பா பின்னாலிருந்து உங்கள் தொப்பியைச் சரிசெய்கிறார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தை உம்மா மூன்று முறை போடச் சொன்னார்கள், வாப்பாவுக்காக அல்ல, உங்களுக்காக.

மூன்றாவது சிடியில் காலியான வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்தபடி வீடியோக்காரரைப் பார்த்து வாப்பா “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்ட குரல் இனி நம் இருவரின் காதில் மட்டும்தான் இருக்கிறது. அந்த சிடியைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், உரிந்த ஸ்டிக்கரும் அதிலேயே இருக்கிறது. திறக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்; மேற்புறத்தைத் துடைக்காதீர்கள், இன்னும் வெள்ளி உதிர்கிறது.

உங்கள் தம்பி