பாட வீடியோவை எந்தத் தரத்தில் பார்ப்பது? – பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தும், கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலும் பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்கள். "சுத்திக்கிட்டே இருக்கு சார், ஓடவே மாட்டேங்குது" என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் சிக்னல் குறைவுதான். இருக்கிற சிக்னலுக்கு ஏற்றபடி வீடியோவை வைத்துக்கொண்டால் பாடம் தடையில்லாமல் ஓடும்.

யூடியூபில் வீடியோ ஓடும்போது திரையைத் தொட்டால் பல்சக்கரக் குறி தெரியும். அதில் தரம் (Quality) என்ற இடத்தில் 'அட்வான்ஸ்டு' (Advanced) என்பதைத் தொட்டால் 144 முதல் 1080 வரை எண்கள் இருக்கும். எண் ஏற ஏறப் படம் தெளியும், டேட்டாவும் கரையும். யூடியூப் சொல்லும் கணக்குப்படி 360-க்கு 0.7 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தை அளக்கும் அலகு) வேகம் போதும், 480-க்கு 1.1, 720-க்கு 2.5, 1080-க்கு 5 வேண்டும். அந்தக் கணக்கில் அரைமணி நேரப் பாடம் 1080-இல் ஒரு ஜிபியைத் தாண்டும். 360-இல் சுமார் 160 எம்பியோடு முடியும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில் அக்கா 1080-இல் பார்த்துவிட்டால் தம்பிக்கு என்ன மிஞ்சும்?

எல்லாப் பாடத்துக்கும் ஒரே எண் வேண்டாம். தமிழ், வரலாறு போன்றவற்றில் ஆசிரியரின் குரல்தான் முக்கியம், 240 தாராளம். கணக்கும் வேதியியலும் அப்படியல்ல. அடுக்குக்குறியின் சின்ன 2, சமன்பாட்டில் கீழே எழுதும் எண்கள் எல்லாம் 240-இல் மங்கிவிடும். பிள்ளை 3 என்று படித்துத் தப்பாக எழுதிக்கொள்ளும். அவற்றுக்கு 480 வையுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

பல்சக்கரத்தில் மாற்றுவது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான். எப்போதும் குறைவாகவே ஓட வேண்டுமென்றால் யூடியூப் செட்டிங்ஸில், மொபைல் டேட்டாவுக்கான வீடியோ தரத்தை 'டேட்டா சேவர்' என்று மாற்றிவிடுங்கள். பாடநூல் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் தீக்ஷா செயலியில் பாடத்தைச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி, வீட்டில் நெட் இல்லாமலே பார்க்கலாம்.

இனி வகுப்புக் குழுவில் இணைப்பு அனுப்பும்போது, எந்த எண்ணில் பார்த்தால் போதும் என்பதையும் ஆசிரியர்கள் சேர்த்தே எழுதுவார்கள். போனில் மாற்றத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். பள்ளி விட்டதும் போனோடு வாருங்கள், உடனிருந்து மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்