வெறுந்தட்டாகக் கொடுக்காதீர்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறீர்கள். சித்திரை வருடப்பிறப்பன்று கீழ்வீட்டுச் சிங்கள அம்மா கதவைத் தட்டி ஒரு பீங்கான் நிறையப் பலகாரம் தந்துவிட்டுப் போனாராம். பெயர்கூடத் தெரியாதவருக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். காசுப் பேச்சை அந்த வாசலில் எடுத்துவிடாதீர்கள்.

பழைய வருடம் புதிதாக மாறும் புண்ணிய காலத்தில் அணைத்த அடுப்பைச் சுபநேரம் பார்த்து மூட்டி, பால் பொங்கவைத்து, பாற்சோறு ஆக்கிச் சாப்பிட்டபின் அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்புவது இங்கே வழக்கம். அந்த நாட்களில் கொழும்பே ஊருக்குப் போய்விடும். பல சாப்பாட்டுக் கடைகள் பூட்டிக் கிடக்கும். மாடியில் ஒரு பிள்ளை தனியே இருக்கிறது, என்ன சாப்பிடுமோ என்ற நினைப்பும் அந்தத் தட்டில் இருந்திருக்கும்.

சாப்பிட ஒரு வரிசை உண்டு. தேங்காய்ப்பால் விட்ட பாற்சோறு இந்தச் சூட்டில் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். அதை, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலோடு முதலில் முடியுங்கள். எண்ணெய்ப் பணியாரம் சில நாள் தாங்கும். அச்சில் சுட்ட கொக்கிஸ் காற்றுப் புகாத டின்னில் கிழமைக்கணக்கில் இருக்கும், ஆனால் பணியாரத்தோடு ஒன்றாகப் போட்டால் நமத்துப்போகும். வெற்றிலையில் வைத்துச் சில்லறை தந்திருந்தால் அது கைவிசேஷம். அதை மட்டும் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தட்டு. அது அவர்களுடையது, திரும்பிப் போகவேண்டும், வெறுமையாகப் போகக்கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழமே போதும். உங்களிடம் அடுப்பும் ஒரு சட்டியும் இருந்தால் கேசரி நல்லது: சிந்தாது, இரவுவரை கெடாது, முட்டை இல்லாததால் போயா என்கிற பௌர்ணமி நாளில் சைவமாக இருப்பவர்களும் தொடுவார்கள். ரவை 1 கப், சீனி ஒன்றரைக் கப், தண்ணீர் இரண்டரைக் கப், நெய் அரைக் கப், கஜு (முந்திரிப்பருப்பு) ஒரு பிடி, ஏலக்காய் 3. பாதி நெய்யில் கஜுவைப் பொரித்து எடுத்துவிட்டு, அதிலேயே ரவையை மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுங்கள், நிறம் மாறவிடாதீர்கள். பக்கத்து அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கவேண்டும். ஆறின தண்ணீரை விட்டால் கட்டி கட்டியாகும். கிளறிக்கொண்டே விட்டு, மூடி, ரவை முழுதாக வெந்தபிறகுதான் சீனி. முதலே போட்டால் ரவை வேகாமல் பல்லில் நறநறக்கும். மிச்ச நெய்யை ஊற்றி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது ஏலக்காயும் கஜுவும் சேர்த்து இறக்குங்கள். நெய் தடவிய தட்டில் பரப்பி, ஆறினபிறகு துண்டு போடுங்கள். சூட்டோடு வெட்டினால் உடையும்.

பெரிய கடைப் பெட்டியோ சேலையோ வாங்கிப் போகவேண்டாம். அதற்கு ஈடாக அவர்கள் என்ன செய்வதென்று தவிக்கவேண்டி வரும். தட்டுக்குத் தட்டு, அவ்வளவுதான். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீட்டிலிருந்து கஞ்சி வந்தாலும் பெருநாளுக்கு வட்டிலாப்பம் வந்தாலும் இதே கணக்கு.

மே மாதத்தில் புத்தரை நினைக்கும் வெசாக் பண்டிகை வரும், விடுமுறை இரண்டு நாள். அப்போது கொடியாட்டி உங்கள் ஓட்டோவை மறித்தால் பயப்படாதீர்கள், தன்சலுக்குத்தான், அதாவது வீதியோரம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். சோறு, கடலை, சம்பலோடு அவித்த மரவள்ளி, ஐஸ்கிரீம், கோப்பி, ஏதோ ஒன்று இருக்கும். யார், என்ன மதம் என்று கேட்கமாட்டார்கள். வரிசையில் நின்று, முடிந்த அளவு மட்டும் வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். அங்கே காசு நீட்டுவதும் அழகில்லை. உதவ ஆசையிருந்தால் சில நாள் முந்திப் போய் ஒரு மூடை பருப்போ சீனியோ கொடுக்கலாம், அன்று நின்று கோப்பை கழுவலாம். நண்பர்களோடு நீங்களே ஒன்று போடுவதென்றால் முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதியவேண்டும், பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரையும் சமைக்கும் இடத்தையும் பார்ப்பார்.

பஸ்ஸில் நடப்பது சின்ன விசயம். 138ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது உட்கார்ந்திருப்பவர் உங்கள் பையைப் பிடித்து இழுத்தால், மடியில் வைத்துக்கொள்ளத்தான். கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இடம் கிடைத்தால் அடுத்தவர் பையை நீங்கள் வாங்குங்கள். முன்னால் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கையில் நீங்கள் இருக்கும்போது பிக்கு ஏறினால் எழும்பிவிடவேண்டும்.

ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் படித்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று அந்த அம்மா “என்ன, என்ன” என்றால், கோபமாக ஏதோ கேட்கிறார் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாருங்கள்’. பிளேன்ரீயும் (பால் விடாத தேநீர்) ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் வரும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது, கலக்குவதில்லை. “ஸ்துதி” (நன்றி) சொல்லுங்கள். புறப்படும்போது “கிஹில்லா என்னம்” என்றால் ‘போயிட்டு வாறன்’ என்றுதான் அர்த்தம், நம்மைப்போலவே.

தட்டு மூன்று நாளாக உங்கள் மேசையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இன்று பின்னேரம் ரவை வாங்குங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து ஒரு அண்ணன்