செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் வெளிவரும் உள்ளூர்ச் செய்தி இதழ்கள் யாருக்கும் கடன்படாமல் நடக்கத் துணைநிற்பதே நம் சங்கத்தின் நோக்கமாதலால், ஆண்டுப் பணிகளையும் அந்த அளவுகோலைக் கொண்டே கூறுகிறேன்.

2024 ஆகஸ்டில் நம் ஊர் மாநகராட்சி ஆயிற்று. கோட்டையூரும் கண்டனூரும் சில ஊராட்சிகளும் அதில் இணைந்தன. சொத்துவரி எவ்வளவு ஏறும், இணைந்த ஊராட்சிகளில் நூறு நாள் வேலை நின்றுவிடுமா என்று மக்கள் தவித்தபோது, வீதி வீதியாகச் சென்று கேட்டு எழுதியது நாம் ஆதரிக்கும் மாதமிருமுறை இதழ்தான். அதில் ஒரு கூட்டத்தின் தேதி பிழையாக வந்துவிட்டது. ஆசிரியர் அடுத்த இதழிலேயே, பிழை வந்த அதே முதல் பக்கத்தில், திருத்தத்தை வெளியிட்டார். அவ்விதழின் மேல் வாசகர்களுக்கு நம்பிக்கை கூடியது அந்தத் திருத்தத்தால்தான் என்பது என் கணிப்பு.

1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு விண்ணப்பங்கள் இப்போது இணையவழியே செல்வதால், அச்சகத்தில் தேர்ந்தும் கணினியில் தடுமாறும் ஆசிரியர்களுக்கு நம் இளைய உறுப்பினர்கள் உடனிருந்து உதவினர். பதிவு இல்லையேல் அஞ்சலில் சலுகைக் கட்டணம் இல்லை. அச்சலுகை இல்லையேல், பிழைப்புக்காக வெளியூர் சென்ற நம்மவர்க்கு இதழை அனுப்புவது கட்டுப்படியாகாது.

இனி, பணம். ராய. சொக்கலிங்கம் ‘ஊழியன்’ இதழை நடத்திய ஊர் இது. புதுமைப்பித்தன் அங்கே சில காலம் வேலை பார்த்ததைப் பெருமையாகச் சொல்லும் நாம், இன்றைய இதழைத் தேநீர்க் கடையில் இரவல் வாங்கியே படிக்கிறோம். காகிதம், அச்சுக்கூலி, முகவர் கழிவு, விற்காமல் திரும்பும் பிரதிகள் ஆகியவை போக ஆசிரியர் கையில் மிஞ்சுவது சொற்பமே. அந்தப் பள்ளத்தை வாழ்த்து விளம்பரமும் அஞ்சலி விளம்பரமும் நிரப்புகின்றன. இவற்றில் தவறில்லை, ஆனால் விளம்பரம் கொடுத்தவர் குறித்த செய்தி வரும்போதுதான் சோதனை தொடங்குகிறது. இவ்வாண்டு நம் உறுப்பினர் ஒருவரே, தம் கடைவாசல் ஆக்கிரமிப்பு பற்றிய செய்தியை நிறுத்தச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் மறுத்தேன், அவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இதழை எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதிகாரம் உண்டு. அதனாலேயே, கட்டணம் வாங்கிச் செய்தி போடும் வழக்கத்திலிருந்து சிறிய இதழைக் காக்கும் பொறுப்பில் பெரும்பகுதி சந்தாதாரரிடம் வந்து சேர்கிறது.

ஆகவே செயற்குழு இரண்டு முடிவுகளைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே நேராக இதழ் அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். அத்தொகை சங்கத்தின் வழியே செல்லலாகாது. சங்கத்தின் பெயரால் எவரும் எச்செய்தியையும் போடவோ நிறுத்தவோ ஆசிரியரைக் கேட்கக் கூடாது. இவ்வறிக்கையை வெளியிடும்படியும் நாம் கேட்கப்போவதில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்