கிணற்றுச் சுவரில் ஒரு மாலை

குளச்சல்,
அக்டோபர் 14

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் அமைந்த சேதியை வீட்டில் எல்லோரிடமும் வாசித்துக் காட்டினேன். நாள் குறித்ததும் எழுது. முந்தின நாளே வந்து நிற்பேன். என் முழங்கால் வலி இப்போது தேவலை.

என்னை உட்காரவிடாமல் செய்தது உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம். ரப்பர் விளையின் (தோட்டத்தின்) பரப்பை அளக்கப் போனோடு அதை மூன்று முறை சுற்றினாய். 78, 85, 81 சென்ட் என்று மூன்று கணக்கு வந்தது. கிழக்கு விளைக்காரர் எல்லைக் கல்லை நகர்த்திவிட்டாரோ என்று கேட்கிறாய். தயவுசெய்து அவரிடம் இன்னும் ஒன்றும் பேசிவிடாதே. ஒரு சென்ட் ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். உன் விளையின் ஒரு பக்கம் 57 மீட்டர் என்று வைத்துக்கொள். அந்த ஒரு பக்கத்தைப் போன் 3 மீட்டர் தள்ளிக் காட்டினாலே 4 சென்ட் கூடவோ குறையவோ செய்யும். வானம் திறந்திருக்கும் வெளியிலேயே போன் 5 மீட்டர் அளவுக்குத் தவறலாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையின் பயண நேரத்தை வைத்துத்தானே அது தூரத்தைக் கணிக்கிறது! ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும்.

நீ கேட்டதால் நானும் ஒரு சோதனை செய்தேன். புதன்கிழமை மாலை 5 மணிக்குப் போனைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது காட்டிய இடத்தைக் குறித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். பயறு விதைத்ததுபோல எல்லாப் பக்கமும் சிதறும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் புள்ளிகள் எறும்புச் சாரிபோல ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. ஆறு மணி வரை கிணற்றுக்கு வடக்கே ஒரு கொத்து. பிறகு மெல்லத் தென்மேற்காக நகர்ந்து வாழைகளுக்கு அருகில் இன்னொரு கொத்து. விளக்கு வைத்த பிறகு, ஏழரை மணி வாக்கில், தாளின் ஓரத்துக்கே ஒரு புள்ளி பாய்ந்தது. போனை யாரும் தொடவில்லை.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நூறு அளவு எடுத்துச் சராசரி போட்டால் பிழை பத்தில் ஒன்றாகும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அளவுகள் ஒன்றையொன்று சாராதபோதுதான் அந்தக் கணக்கு செல்லும். அடுத்தடுத்த நிமிடத்தில் எடுத்தவை உடன்பிறந்தவைபோல. ஒன்று கோணினால் மற்றதும் அதே பக்கம் கோணும். ஆகவே ஒரு கல்லின் இடம் வேண்டுமானால், ஒரே இருப்பில் முந்நூறு அளவு எடுப்பதைவிட நாலு வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் எடுப்பது மேல்.

மாலையில் அது பாய்ந்ததற்கு நம் ஊர் இருக்கும் இடமும் ஒரு காரணம். புவிகாந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு, நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை விட்டார்கள். இந்தக் கோட்டுக்கு மேலே சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தில் (உயரே மின்னேறிய துகள்கள் நிறைந்த காற்று அடுக்கில்) குமிழிகள் எழும்பி சமிக்ஞையைக் குலைக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். அயனி மண்டலம் உண்டாக்கும் தாமதத்துக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. தாழ்ந்த அலைவரிசை அதிகமாகத் தாமதிக்கும் என்பதால், 1575.42, 1176.45 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் வாங்கும் போன் அந்த வித்தியாசத்திலிருந்தே தாமதத்தைக் கழித்துவிடும். உன் மருமகன் புதிதாக வாங்கிய போன் அந்த வகையா என்று விசாரி.

பரப்புக்கு நியாயம் வேறு. விளை முழுவதையும் போன் ஒரே திசையில் 4 மீட்டர் நகர்த்திக் காட்டினால், பரப்பு மாறவே மாறாது. ஆகவே நாலு மூலையையும் ஒரே நடையில், சுணங்காமல் முடித்துவிடு. நீ பாதியில் டீ குடிக்க வீட்டுக்குப் போய் வந்ததாக எழுதியிருந்தாயே, அதற்குள் பிழை நகர்ந்திருக்கும். சர்வேயர்கள் இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறார்கள். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவியை நிறுத்தி, அது காட்டும் பிழையை மற்றக் கருவியின் அளவிலிருந்து கழிப்பார்கள். 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையின் கட்டத்தையே, அதாவது ஓர் அலைக்குள் எந்த இடம் என்பதையே, எண்ணுவதால் சென்டிமீட்டர் கணக்கில் இடம் கிடைத்துவிடும். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் அமைத்த ககன் அமைப்பிலும் திருத்தம் இப்படித்தான் பிறக்கிறது. அதை மேலிருந்து செயற்கைக்கோள் அனுப்புகிறது.

துறைமுகத்தில் வயதான மீனவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனாலும் மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு மேல் வந்ததும் கணிச்சம் பார்க்காமல் தூண்டிலை இறக்கமாட்டாராம். கரையில் தெரியும் கோயில் கோபுரமும் பின்னால் மலைமுகடும் நேராக வந்தால் ஒரு கோடு, வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில்தான் பார் இருக்கும். வானத்துச் சாட்சியும் கரைச் சாட்சியும் ஒத்துப்போனால்தான் அவருக்கு மனம் நிற்கும். எவ்வளவு சரியான முறை!

உன் விளையில் இன்னொரு தொல்லை இலைக்கூரை. ரப்பர் இலையும் ஈரமும் சமிக்ஞையை விழுங்கும். மரங்களில் பட்டுத் திரும்பும் அலை தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஜனவரியில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது, காலை எட்டு மணிக்கு அளப்போம். கல்லைப் பற்றி அப்போதும் சந்தேகம் இருந்தால், புலப்படத்தின் (அரசு அளவைப் பதிவிலுள்ள நில வரைபடத்தின்) நகலோடு சர்வேயருக்கு மனுப் போடு. போன் கணக்கை வைத்து அயல்காரரோடு பகைக்காதே.

30 மீட்டர் டேப் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன். தங்கச்சியிடம் மரச்சீனிக்கிழங்கு அவித்து வைக்கச் சொல், சாளை நான் வாங்கி வருவேன்.

உன்,
அந்தோணி