மனு எழுதுறவன் எழுதுற கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கடலூர்ல திங்கக்கிழமையானா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து மனு எழுதிக் குடுக்கறவன் நான், இருபத்திரெண்டு வருஷமா இதான் தொழில். போன இதழ்ல இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். 1642ல ராஜா முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்ட்டுக்கும் சண்ட ஆரம்பிச்சது, 1649ல ராஜா தலைய வெட்டுனதுன்னு எல்லாம் விலாவாரியா இருந்துச்சு. ஆனா அந்தச் சண்டையில கை கால் போனவங்க உதவித்தொகை கேட்டு மனு போட்டாங்கன்றத மட்டும் ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க, எனக்கு மனசு ஆறல. பேத்தி போன்ல தேடிக் குடுத்தா, நாலஞ்சு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

ஊனமான சிப்பாய்க்கு உதவி செய்யணும்னு அங்க 1593லயே சட்டம் போட்டிருக்காங்க, ஒவ்வொரு சர்ச் வட்டாரத்துலயும் வரி வசூல் பண்ணி ஜில்லா பணத்துல இருந்து குடுக்கணும். வருஷத்துக்கு நாலு தடவ கூடற கோர்ட்ல மனு போடணும், எந்தப் படையில இருந்தான் எங்க அடிபட்டான்னு அதிகாரிகிட்ட சர்டிபிகேட் வாங்கணும், அந்த அதிகாரி சண்டையிலயே செத்துப் போயிருந்தா அவன் யார்கிட்ட போவான் சொல்லுங்க. நிறைய பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதிக் குடுக்க கீழ ஒரு குறி மட்டும் போட்டிருக்காங்க. இங்க நம்ம கைநாட்டு மாதிரியேதான்.

போன மாசம் எழுவது வயசு தாண்டின ஒரு பெரியவர், பழைய மிலிட்டரிக்காரர், வந்தாரு. பேப்பரெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு, ஒரு ஆபீஸ்ல பழைய ஆஸ்பத்திரி சீட்டு இருந்தாதான் ஆச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். நடுரோட்ல வேட்டிய தூக்கி தொடையக் காட்டி "இத எழுது தம்பி"ன்னாரு. ஒரு சாண் நீளத்துக்கு தழும்பு, நடுவுல குழி விழுந்து கருத்துப் போயிருந்துச்சு. அந்தக் குழிய எந்த வார்த்தையில எழுதறதுன்னு பேனாவ வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த இங்கிலாந்து மனுக்கள்லயும் இதேதான், குண்டு இன்னும் உடம்புக்குள்ளயே இருக்கு, வேல செய்ய முடியல, பொண்டாட்டி புள்ளைங்க பட்டினின்னு.

என்னால தாங்க முடியாதது 1660ல நடந்தது. அதுவரைக்கும் பார்லிமெண்ட் பக்கம் நின்னவனுக்குதான் பணம், ராஜா பக்கம் நின்னவனுக்கு ஒண்ணும் கெடையாது. செத்த ராஜாவோட மகன் திரும்பி வந்து ராஜாவானதும் அப்டியே தலகீழா மாத்திட்டாங்க, 1662ல ராஜாவுக்காக சண்ட போட்டவனுக்குன்னே புதுச் சட்டம். நேத்து வரைக்கும் வாங்கிக்கிட்டிருந்தவனுக்கு நிறுத்திட்டாங்க. அவனுக்குப் போன கால் போனதுதானே ஐயா, ஆட்சி மாறினா முளைக்கவா போகுது? இதெல்லாம் நடந்து 28 வருஷம் கழிச்சு, 1690லதான் அதே இங்கிலீஷ்காரன் நம்ம கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைய விலைக்கு வாங்குனான். அவ்ளோ கிட்டத்துல இருக்கு அந்தக் காலம்.

அதனால கேக்கறேன், அந்த மனுக்கள்ல ஒரு நாலஞ்ச தமிழ்ல போடுங்க, புருஷன பறிகொடுத்த பொம்பளைங்க போட்டதும் இருக்கு, அதயும் சேத்து. மனு பாஷையில தமிழாக்க ஆள் வேணும்னா சொல்லியனுப்புங்க, நான் வந்து எழுதித் தரேன், காசு வேணாம்.

இப்படிக்கு,
மனு எழுதும் ஒரு வாசகன்,
கடலூர்