வைஃபை எதிரியா?

ஆசிரியருக்கு,

கடந்த மே (2010) மாதம் முடிந்த 3ஜி (மூன்றாம் தலைமுறை செல்போன் சேவை) அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய் கிடைத்தது குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். இத்தனை பணம் கொட்டிய செல்போன் நிறுவனங்கள், இணையவழியே பேச உதவும் வைஃபை வசதியுள்ள கைப்பேசிகளைக் கண்டு வருமானம் போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் வைஃபை எட்டும் தூரம் சிறிது. எங்கள் வீட்டு நோக்கியா இ71 கைப்பேசியில் சிங்கப்பூரிலுள்ள மகனுடன் ஸ்கைப் என்னும் இணையவழிப் பேச்சுச் சேவையில் பேசுகிறோம். மோடம் இருக்கும் கூடத்தைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனால் பேச்சு அறுந்துவிடும். நடந்துகொண்டே பேசும் என் மனைவியால் ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு அழைப்பு) கட்டணம் இன்றும் நின்றபாடில்லை!

உண்மையில், வைஃபை, செல்போன் கோபுரங்களின் பாரத்தைக் குறைக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் ஓர் அழைப்பு கிடைக்கப் பத்து முறை முயல வேண்டியிருக்கிறது. அங்கும், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலும், ரயில் நிலையத்திலும் நிறுவனங்களே வைஃபை அமைத்து, பத்து ரூபாய் ரீசார்ஜில் ஒரு மணி நேரம் வழங்கலாம்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை.