இணையப் பெயர்களை விடுவிக்க மறுக்கும் முகவர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் இன்று பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், சனசமூக நிலையங்கள், தங்குவிடுதிகள், தையலகங்கள் எனப் பல தரப்பினரும் தமக்கென இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். தளத்தின் தோற்றம், படங்கள், செய்திகள் ஆகியவற்றைப் பற்றி நிர்வாகசபைக் கூட்டங்களில் நீண்ட நேரம் பேசப்படுகிறது. ஆனால் அந்தத் தளத்துக்கு மக்கள் வந்து சேரும் வழியாகிய ஆள்களப் பெயர், அதாவது டொட் கொம், டொட் ஓர்க் என முடியும் அந்த முகவரி, சட்டப்படி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது அநேகமாகப் பேசப்படுவதில்லை. தளத்தை அமைத்துப் பெயரையும் வாங்கித் தந்த முகவரை விட்டு இன்னொருவரிடம் செல்ல விரும்பும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது கிடைக்கும் பதில் பலருக்கு அதிர்ச்சியைத் தருகிறது.

நான் அங்கம் வகிக்கும் சனசமூக நிலையத்துக்கும் இதுவே நேர்ந்தது. வருடாந்தக் கட்டணம் அளவுக்கு மீறி உயர்ந்தமையால் பெயரை வேறொரு பதிவாளரிடம், அதாவது இத்தகைய பெயர்களைப் பதிந்து விற்கும் வேறொரு நிறுவனத்திடம், கொண்டுசெல்ல விரும்புவதாக எங்கள் முகவருக்கு எழுதினோம். பெயர் வேறிடம் மாறாதபடி கணக்கில் பூட்டப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது என்பது முதலில் வந்த பதில். அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தைச் செலுத்தினால்தான் இடமாற்றத்துக்குத் தேவையான இரகசியக் குறியீட்டைத் தரமுடியும் என்பது அடுத்த பதில். இறுதியில், பெயர் தங்கள் கணக்கில் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருப்பதால் அதைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் தங்கள் விருப்பம் என்று சொல்லப்பட்டது. இதே பதில்களைப் பெற்ற வேறு அமைப்புகளையும் நான் அறிவேன். எனவே இதை ஒரு நிலையத்தின் தனிப்பட்ட மனக்குறையாகக் கருதாமல், பொது விடயமாகத் தங்கள் பத்திரிகையில் இடம்பெறச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

மேற்கண்ட முதல் இரண்டு பதில்களும் விதிகளுக்கு முரணானவை. இதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1999 வரை டொட் கொம் பெயர்களை விற்கும் உரிமை நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற ஒரேயொரு அமெரிக்க நிறுவனத்திடமே இருந்தது. ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 35 டொலர் அறவிடப்பட்டது. ஆள்களப் பெயர்களுக்கான விதிகளை உலகளவில் வகுப்பதற்காக 1998இல் உருவாக்கப்பட்ட ஐகான் என்னும் அமைப்பு மறு ஆண்டிலேயே அந்த ஏகபோகத்தை உடைத்து, பெயர்களின் மூலப் பட்டியலைப் பேணும் ஒரே பதிவகத்தின் கீழ் ஒன்றோடொன்று போட்டியிடும் பல பதிவாளர்களை அனுமதித்தது. போட்டி வந்ததும் விலை இறங்கியது. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் விலகிச் செல்ல முற்பட்டால், அவரை இழக்கப்போகும் பதிவாளரின் ஒத்துழைப்பின்றி அது நடக்காது என்ற நிலை இருந்ததால், ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போன போக்கில் தடைகளை வைத்தது. வாடிக்கையாளர் மீண்டும் உறுதிப்படுத்தவில்லை என்று காரணங்காட்டிக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. இந்தப் பிணக்குகளின் விளைவாகவே, பதிவாளர்களுக்கிடையிலான இடமாற்றக் கொள்கை 2004 நவம்பர் 12ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கொள்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும் சொல்வது தெளிவானது. பெயருக்குரியவர் கேட்டால், அவர் தானே கணக்கினுள் சென்று பூட்டைத் திறந்து, தொழிலில் உள்ளோர் ஓத் கோட் என்று சொல்லும் இடமாற்றக் குறியீட்டைப் பெற்றுக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், கேட்ட நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பதிவாளர் அவற்றைச் செய்து கொடுக்க வேண்டும். புதிய பதிவாளர் அந்தக் குறியீட்டுடன் கோரிக்கையைச் சமர்ப்பித்த பின்னர் பழைய பதிவாளருக்கு மேலும் ஐந்து நாட்கள் உண்டு. அதற்குள் அவர் உரிய காரணத்துடன் மறுக்காவிட்டால் இடமாற்றம் தானாகவே நிறைவேறும். மோசடிக்கான சான்று, நீதிமன்றக் கட்டளை, பெயருக்குரியவர் யார் என்பதில் நியாயமான ஐயம், ஏற்கெனவே கழிந்த காலத்துக்கான கட்டணம் செலுத்தப்படாமை, பெயர் பதிவாகி அல்லது கடைசியாக இடம் மாறி 60 நாட்கள் நிறைவடையாமை போன்றவையே மறுப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்கள். இனி வரப்போகும் காலத்துக்கான கட்டணம் செலுத்தப்படவில்லை என்பது மறுப்புக்குக் காரணமாகாது என்று அதே கொள்கை வெளிப்படையாகக் கூறுகிறது. திறப்பதற்கு வாய்ப்பே தராமல், பூட்டியிருக்கிறது என்று சொல்லி மறுப்பதும் ஆகாது. வாடிக்கையாளர் தம் முகவருக்குப் பணம் செலுத்தியிருந்தும், முகவர் பதிவாளருக்குச் செலுத்தாமல் விட்டிருந்தால், அந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டியும் மறுக்க முடியாது.

கட்டண விடயத்தில் இன்னொன்றையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். டொட் கொம் பெயர் இடம் மாறும்போது புதிய பதிவாளரிடம் செலுத்தும் தொகைக்கு ஓராண்டு நீடிப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. எஞ்சியிருக்கும் காலமும் பத்தாண்டு உச்சவரம்புக்குள் அப்படியே தொடரும். ஆகவே போவதற்கு முன் புதுப்பித்துவிட்டுப் போங்கள் என்ற வற்புறுத்தலில் வாடிக்கையாளருக்கு எந்த நன்மையும் இல்லை. காலாவதித் திகதி கடந்து, பெயர் தானாகப் புதுப்பிக்கப்பட்ட பின் வரும் 45 நாட் சலுகைக் காலத்தில் இடமாற்றம் நடந்தாலோ, அந்தப் புதுப்பிப்பு ஆண்டு பதிவகத்தில் இரத்தாகிப் பழைய பதிவாளருக்கே பணம் திரும்பிச் செல்கிறது. அந்தப் பணம் வாடிக்கையாளரின் கைக்கு வந்து சேர்வது பழைய பதிவாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

பூட்டுகளே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2005 ஜனவரியில் நியூயோர்க் நகரின் பழைமையான இணையச் சேவை நிறுவனங்களுள் ஒன்றான பானிக்ஸின் ஆள்களப் பெயர், உரியவருக்குத் தெரியாமலே ஒரு வார இறுதியில் அவுஸ்திரேலியப் பதிவாளர் ஒருவரிடம் மாற்றப்பட்டு, அதன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முழுவதும் தடைப்பட்டது. அந்தப் பதிவாளரின் கீழ் இயங்கிய மறுவிற்பனையாளர் ஒருவர் உரியவரின் சம்மதத்தைச் சரிபார்க்கத் தவறியதே அதற்குக் காரணம். அப்போது புதிய கொள்கை நடைமுறைக்கு வந்து மூன்று மாதங்கூட ஆகியிருக்கவில்லை. திருட்டிலிருந்து காப்பதற்குப் பூட்டு அவசியம் என்பதை அந்த நிகழ்வு எல்லோருக்கும் உணர்த்தியது. ஆயினும் அந்தப் பூட்டின் திறப்பு பெயருக்குரியவரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கொள்கையின் அடிப்படை. அதை முகவர் தம் வருமானத்தைக் காப்பதற்குப் பயன்படுத்துவது வேறு விடயம்.

இனி மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. ஐகான் விதிகள் பாதுகாப்பது பதிவேட்டில் பெயருக்குரியவராகக் காணப்படுபவரை. நமது ஊர்களில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உகந்த கடனட்டை எல்லோரிடமும் இல்லை. ஆங்கிலத்தில் உள்ள பதிவுப் படிவங்களும் பலருக்குச் சிரமமானவை. எனவே தளத்தை வடிவமைப்பவரே பெயரையும் வாங்கித் தருகிறார். அதை அவர் வாடிக்கையாளரின் பெயரில் வாங்குவதற்குப் பதிலாகத் தம் கணக்கில், தம் பெயரில், தம் மின்னஞ்சலுடன் பதிந்துவிடுகிறார். வீடு கட்ட வந்த மேசன் காணி உறுதியைத் தன் பெயரில் முடித்துக்கொண்டால் எந்த நொத்தாரிசும் எந்த உரிமையாளரும் அதைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். இணையப் பெயரில் மட்டும் அதை வழமை என்று ஏற்றுக்கொள்கிறோம். இப்படிப் பதிவான பின்னர், பணம் செலுத்திய சங்கம் ஐகானிடம் முறையிட்டாலும் பயன் மிகக் குறைவு. ஏனெனில் விதியின் கண்களுக்கு முறைப்பாட்டுக்காரர் அந்நியராகவும் முகவர் உரிமையாளராகவும் தோன்றுகிறார்கள்.

இந்த நிலையைச் சீராக்க முயல்வோரும் ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார்கள். 2016 டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, பதிவேட்டில் உரியவரின் பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றில் முக்கிய மாற்றம் செய்யப்பட்டால், பதிவாளர் முன்கூட்டியே விலக்களிக்கும் வசதியை வழங்கி அதை உரியவர் பயன்படுத்தியிருந்தாலன்றி, அடுத்த 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. ஆகவே மனம் மாறி விடுவிக்க முன்வரும் நேர்மையான முகவர்கூட, பெயரை முதலில் சங்கத்தின் பெயருக்கு மாற்றிவிட்டு, பின்னர் இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்ல நேர்கிறது. காலாவதித் திகதி அந்த 60 நாட்களுக்குள் வந்துவிட்டால், வெளியேற நினைத்த இடத்திலேயே மீண்டும் ஓராண்டுக்குப் பணம் கட்ட வேண்டியதாகிறது. முதலில் பதிவாளரை மாற்றிவிட்டுப் பின்னர் உரியவரின் விபரங்களைத் திருத்துவதே சிக்கல் குறைந்த ஒழுங்கு. இரு தரப்பும் மனம் ஒத்திருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியையும் அலட்சியம் செய்யக்கூடாது. இடமாற்றம் தொடர்பான அறிவித்தல்கள் பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலுக்கே செல்கின்றன. அது பத்தாண்டுகளுக்கு முன் செயலாளராக இருந்து, பின் கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ புலம்பெயர்ந்துவிட்ட ஒருவரின் தனிப்பட்ட முகவரியாக இருக்கலாம். அவர் அதை இன்று திறந்து பார்ப்பதே இல்லாமலும் இருக்கலாம். அந்த மின்னஞ்சல் அதே ஆள்களப் பெயரிலேயே அமைந்திருப்பது இன்னும் ஆபத்தானது. பெயர் காலாவதியாகி நின்றுபோனால் மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுபோகும்.

முகவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. தளம் அமைத்த வேலைக்கான கூலி நிலுவையில் இருக்கும்போது பெயரையும் விட்டுக்கொடுத்தால் தங்கள் பணத்தை எப்படி மீட்பது என்று கேட்கிறார்கள். சங்கங்கள் பணம் கொடுக்க இழுத்தடிப்பதும் நமது ஊரில் நடப்பதுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வடிவமைப்புக் கூலி வேறு, ஆள்களப் பெயர் வேறு. கூலிப் பாக்கிக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அதற்கு மேல் நீதிமன்றமும் இருக்கிறது. ஓர் ஊரின் மரண அறிவித்தல்களும் திருவிழா அறிவித்தல்களும் வெளிவரும் முகவரியைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பது முறையான வழியன்று.

எல்லாப் பெயர்களையும் ஒரு முகவரின் ஒரே கணக்கில் குவித்துவைப்பதில் இன்னோர் அபாயமும் உண்டு. 2007இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்கப் பதிவாளர் நிறுவனம் உட்பூசலால் நிலைகுலைந்தபோது, பணம் செலுத்தியும் பெயர் புதுப்பிக்கப்படாமலும், கேட்டும் குறியீடு கிடைக்காமலும் எண்ணற்றோர் தவித்தனர். ஐகான் அதன் அங்கீகாரத்தை இரத்துச் செய்து, சுமார் 8,50,000 பெயர்களை வேறொரு பதிவாளரிடம் மொத்தமாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. அது அங்கீகாரம் பெற்ற ஒரு பதிவாளர் என்பதால் ஐகானால் தலையிட முடிந்தது. இங்கே ஒரு சிறு கடையில் இயங்கும் முகவர் நாளை தொழிலை மூடிவிட்டால், அல்லது வெளிநாடு சென்றுவிட்டால், அவருடைய கணக்கில் கிடக்கும் பெயர்களுக்காகத் தலையிட எவரும் இல்லை.

டொட் எல்கே பெயர்களும் தமிழிலேயே எழுதக்கூடிய டொட் இலங்கை பெயர்களும் ஐகானின் இடமாற்றக் கொள்கைக்கு உட்பட்டவை அல்ல. அவை நாட்டுக்குரிய பெயர்கள் என்பதால் இங்குள்ள எல்கே ஆள்களப் பதிவகத்தின் விதிகளே அவற்றுக்குப் பொருந்தும். அப்பதிவகத்திடம் நேரடியாகவே பதிவு செய்துகொள்ள முடியும் என்பதால், முகவரின் கையை எதிர்பாராமல் சங்கத்தின் பெயரிலேயே பதிய விரும்புவோர் அதைக் கவனத்திற் கொள்ளலாம். முகவர் ஊடாகப் பதிந்தால், யார் பெயரில் என்ற கேள்வி அங்கும் எழும்.

தற்போது பெயர் வைத்திருக்கும் அமைப்புகள் தம் நிலையை அறிந்துகொள்வதும் முன்பைப் போல் எளிதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25ஆந் திகதி நடைமுறைக்கு வந்த பின்னர், உரியவரின் பெயரும் மின்னஞ்சலும் பொதுத் தேடலில் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. எனினும் ஐகானின் இணையத்தளத்தில் உள்ள தேடுபக்கத்தில் பெயரை இட்டால், அது எந்தப் பதிவாளரிடம் உள்ளது, எந்தத் திகதியில் காலாவதியாகிறது, பூட்டப்பட்டிருக்கிறதா என்பவை இன்றும் தெரியும். உரியவர் யார் என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டு, கணக்கின் பக்கத்தைப் பிரதியெடுத்துத் தரும்படி கோர வேண்டும். அவ்வாறு கேட்பது அவமதிப்பு அல்ல. பெறுமதியான பொருளுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பதைப் போன்ற இயல்பான செயலே.

யாழ்ப்பாணத்தில் இத்தொழிலைச் செய்யும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டில் பெயருக்கான தொகையையும் தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவைக்கான தொகையையும் வடிவமைப்புக் கூலியையும் தனித்தனியாகக் காட்டுங்கள், பெயரை வாடிக்கையாளரின் பெயரிலும் அவரது மின்னஞ்சலிலும் பதியுங்கள், எந்தப் பதிவாளர் ஊடாகப் பதிந்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொறுப்பானது. கட்டணம் பெற்றுக்கொண்டு வாங்கிய பெயரைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு விடுவிக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையா என்பதை அதிகாரசபையின் யாழ். மாவட்ட அலுவலர்கள் ஆராய்ந்து, வலைத்தள வடிவமைப்பு முகவர்களுக்கு எழுத்துமூல அறிவுறுத்தல் ஒன்றை வழங்க வேண்டும். பெயர் தம் பெயரிலேயே பதிவாகியிருந்தும் குறியீடு மறுக்கப்படுவோர் ஐகானின் இணையத்தளத்தில் உள்ள இடமாற்ற முறைப்பாட்டுப் படிவத்தைக் கட்டணமின்றி நிரப்பலாம். குறியீடு கேட்டு அனுப்பிய மின்னஞ்சலையும், அதற்கு வந்த மறுப்பையும், இரண்டின் திகதிகளையும் அதனுடன் இணைக்க வேண்டும். ஆகவே குறியீட்டைத் தொலைபேசியில் கேட்காமல் எப்போதும் எழுத்திலேயே கேளுங்கள்.

இங்ஙனம்,
சனசமூக நிலைய நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.